புது ஜாஸ் ஆல்பத்தை எப்படி கேட்டு எடை போடுறது?

முதல் தடவை ரிவ்யூ எதையும் படிக்காம, ஹெட்போன் போட்டு முழுசா கேட்டுடுங்க. ரெண்டாவது தடவை பேஸ் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) போற போக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க, உதாரணத்துக்கு விஜய் ஐயர் பியானோ, லிண்டா மே ஹான் ஓ பேஸ், டைஷான் சோரி டிரம்ஸ்னு 2021ல இசிஎம் லேபிள்ல வந்த 'அன்ஈஸி'யை எடுத்துக்கோங்க, பியானோ அடங்குற இடத்துல மத்த ரெண்டு பேரும் என்ன பண்றாங்கன்னு கவனிங்க, அங்கதான் விஷயமே இருக்கு. சோலோ, அதாவது ஒருத்தர் முன்னால வந்து தனியா வாசிக்கிற பகுதி, வேகமா இருக்குன்னு மட்டும் மார்க் போடாதீங்க, ஆரம்பத்துல வந்த மெலடியில இருந்து ஒரு சின்ன துணுக்கை எடுத்து எங்க கொண்டுபோறாங்க, அதுக்கு டிரம்மர் பதில் சொல்றாரா இல்ல சும்மா தாளம் பிடிக்கிறாரா, எனக்கு அதான் முக்கியம். மிக்ஸிங்ல, அதாவது எல்லா வாத்தியத்தோட சத்தத்தையும் சேர்த்து சமன் பண்றதுல, பேஸ் அமுங்கிப் போயிருக்கான்னும் பாருங்க. ஒரு வாரம் விட்டு திரும்ப கேட்டுட்டு அப்புறமா எழுதுங்க.