விமானப் பயிற்சிக்கு முன் பெயர்ப் பொருத்தம்

மதுரைப் பக்கத்திலிருந்து அமெரிக்கா சென்று, குடியுரிமை பெறாமல் அங்கே வசிப்பவர்களும் தனியார் விமானி உரிமத்துக்கு (கூலிக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு விமானம் ஓட்டும் உரிமம்) பழகலாம். கிரீன் கார்டு வைத்திருந்த காலத்தில் நான் பழகியதும் அப்படித்தான். திருநகருக்குத் திரும்பிய பிறகும் இங்கிருந்து போகும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன். சுற்றுலா விசாவில் செல்பவர்களுக்கு இது பொருந்தாது.

முதலில் பள்ளி. குடியுரிமை இல்லாதவருக்குக் கற்றுத்தர, அந்தப் பள்ளியோ ஆசிரியரோ டி.எஸ்.ஏ. எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் இதில் விலக்கில்லை. தனியாகக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் பலர் இந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவதால், மணிக்கு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன் இதை விசாரியுங்கள். என்னைக் கேட்டால், புதியவருக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துப் பழகிய பள்ளியே நல்லது.

அடுத்தது மருத்துவச் சான்று. மூன்றாம் வகுப்புச் சான்று போதும். கண்ணாடி போட்டு 20/40 பார்வை (நல்ல பார்வையுள்ளவர் 40 அடியிலிருந்து படிப்பதை 20 அடியிலிருந்து படிக்கும் அளவு) இருந்தாலும் தருவார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களிடம் கூடுதல் அறிக்கைகள் கேட்கப்படும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பறக்கப் பழகும் முன் மாணவரும் டி.எஸ்.ஏ.விடம் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கும் இடம் அந்த விண்ணப்பம்தான். பள்ளிச் சான்றிதழில் 'க. முத்துப்பாண்டி' என்றிருப்பவருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவும், கொடுத்த பெயர்க் கட்டத்தில் 'முத்துப்பாண்டி கருப்பையா' என்றும் இருக்கும். அமெரிக்க விசாவிலோ அந்த முழுப்பெயரும் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். ஓட்டுநர் உரிமம் இவற்றில் எதைப் பின்பற்றியிருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, மற்ற ஆவணங்களில் உள்ள வடிவங்களை வேறு பெயர்கள் கேட்கும் பகுதியில் ஒன்றுவிடாமல் சேருங்கள். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெயரைப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்குவதாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்குங்கள். பரிசீலனை நடக்கும்போது பாஸ்போர்ட்டை மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

முகவரியும் அப்படித்தான். கடந்த 5 ஆண்டுகளின் முகவரிகளைக் கேட்பார்கள். புதிதாகச் சென்றவருக்கு அதில் மதுரை வீடும் வரும். 'பழைய எண் 14, புதிய எண் 31' என்ற நம் வழக்கத்தை அவர்களுடைய கட்டம் தாங்காது. ஒரே எண்ணைத் தேர்ந்துகொண்டு, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

பிறகு 140 டாலர் கட்டணம், கைரேகை, காத்திருப்பு. அனுமதி வருவதற்குள் மொத்தமாக முன்பணம் கேட்கும் பள்ளிகள் உண்டு, கொடுக்காதீர்கள். ஏட்டுப் பாடத்துக்கு இந்த அனுமதி தேவையில்லை. விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இலவசமாகத் தரும் கையேடுகளே அதற்குப் போதும், விலையுயர்ந்த வீடியோ வகுப்புகளுக்கு அவசரமில்லை. 2024 ஜூலை 30 அன்று நடைமுறைக்கு வந்த விதிப்படி அனுமதி 5 ஆண்டுகள் வரை செல்லும். முன்பு போல ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

தனியாகப் பறக்க மாணவர் விமானிச் சான்றிதழும் 16 வயதும் வேண்டும்; உரிமத்துக்கு 17 வயதும், பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். 40 மணியில் முடிப்பவர்கள் குறைவு என்பதால் செலவுக் கணக்கை அதற்கு மேலேயே போடுங்கள்.

பின்சேர்க்கை: உரிமம் பெற்று ஊர் திரும்பிய சிலர் கேட்டதற்காக இதையும் சேர்க்கிறேன். அமெரிக்காவில் முகவரி இல்லாத எஃப்.ஏ.ஏ. உரிமதாரர்கள், அங்கே தங்கள் சார்பில் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும் முகவர் ஒருவரைப் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு இது 2025 ஜூலை 7 முதல் கட்டாயம். அங்கேயே வசிக்கும் உறவினர் ஒருவரின் பெயரைத் தரலாம், காசு கொடுத்து நிறுவனம் தேட வேண்டியதில்லை.