மொறிஸ் மைனர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதற்கு

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் பொழுதுபட்ட நேரம் மாடு குறுக்கே வந்தால் புதுக் கார் வைத்திருக்கிறவன் ஒருதரம் மிதிப்பான், நிற்கும். நான் என்னுடைய 1959 மொறிஸ் மைனரில் மூன்றுதரம் மிதித்து, ஹாண்ட் பிறேக்கையும் இழுத்து, கோனையும் அடித்து, கடைசியில் மாடுதான் விலகிப் போனது. அடுத்த நாளே லண்டனில் இருக்கிற மச்சானுக்குப் போன் எடுத்து, முன் சில்லுக்கு டிஸ்க் பிறேக் செற் என்ன விலை என்று கேட்டேன். விலையைச் சொன்னான். சரி, முதலில் இருக்கிற ட்ரம்மை, அதாவது சில்லோடு சுற்றுகிற பிறேக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்போம் என்று ஜக்கை எடுத்தேன். நல்ல காலம், அப்படிச் செய்தது.

உங்களிடம் இருக்கிறது எந்த மைனர் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1956 இல் வந்த 948 சிசி மைனர் 1000 என்றால் நாலு சில்லிலும் 7 அங்குல ட்ரம். 1962 இல் 1098 சிசி எஞ்சினைப் போட்டபோது முன் ட்ரம்மை 8 அங்குலம் ஆக்கினார்கள், பின்னுக்கு அதே 7 தான். எதுவானாலும் நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் ஒயில் லைன். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் நேரே தரைக்குப் போகும், மிச்சம் ஹாண்ட் பிறேக் மட்டும். அதனால் ஹாண்ட் பிறேக் கேபிளைக் கடைசி வேலை என்று விடாதீர்கள்.

காரைத் தூக்குகிற இடத்தில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் முற்றம் எல்லாம் மணல், ஜக் சும்மா இறங்கும், கீழே ஒரு தடித்த பலகை வையுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை இருத்துகிற பழக்கம் ஊரில் இருக்கிறது, அது சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். ஸ்ராண்ட் இல்லையென்றால் நல்ல வைரமான பனங்குற்றியைத் தட்டையாக அறுத்துத் துருப்பிடிக்காத சட்டத்துக்குக் கீழே கொடுக்கலாம். தரையில் நிற்கிற சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள்.

சில்லைக் கழற்றினால் ட்ரம்மை இரண்டு திருகாணி பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றியும் ட்ரம் வராவிட்டால் ட்ரம்முக்கும் உள்ளே உரசுகிற சூவுக்கும் இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்ரரைத் தளர்த்துங்கள், சுத்தியலால் விளிம்பில் போட்டு நொருக்க வேண்டாம். உள்ளே இருக்கிற கறுப்புத் தூளை வாயாலோ எயார் லைனாலோ ஊதவே கூடாது. சூவில் ஒட்டியிருக்கிற பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் உண்டு, அது நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

என்னுடைய முன் இடது சில்லில் லைனர் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் முழுக்க ஒயில் ஊறி மினுமினுத்தது. ஒயிலின் அமுக்கத்தால் சூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் தூசி றப்பரை விலக்கினேன், ஒழுகியது. உள்ளே இருந்த கப் வாஷர் ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பிப்போய் விரலால் அமத்தக் கரைந்து கறுப்பாக ஒட்டியது. காரணம் மண்ணெண்ணெய். 90களில் வன்னிக்குள் பெற்றோல் வராமல் இருந்த காலத்தில் இந்தக் கார்கள் எல்லாம் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடினவை, அந்தப் பழக்கத்தில் எங்களுக்கு எதைக் கழுவுவதென்றாலும் கை மண்ணெண்ணெய்க் கானுக்குத்தான் போகும். பிறேக் றப்பருக்கு அது நஞ்சு. பெற்றோல், டீசல், கிறீஸ், எஞ்சின் ஒயில் எதுவும் ஆகாது. போன முறை இந்தச் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டியது வேறு யாருமில்லை, நான்தான். கழுவுவதற்கு பிறேக் கிளீனர், இல்லையென்றால் புது பிறேக் ஒயிலையே துணியில் தொட்டுத் துடையுங்கள்.

சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் புது றப்பர் போட்டும் பிரயோசனம் இல்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். முன்பக்கம் ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு சிலிண்டர் இருக்கும், இரண்டு சூவும் முன்னோட்டத்தில் தாங்களாகவே ட்ரம்மைக் கடிக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். இதனால்தான் ரிவேர்ஸில் முன் பிறேக் அவ்வளவு பிடிக்காது. குளக்கட்டில் ஏற்றிவிட்டுப் பின்னுக்கு இறக்குகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். ஒயில் ஊறின சூவைக் கழுவிப் போட்டு ஏமாற வேண்டாம், லைனர் புதிதாக ஒட்டுவியுங்கள், இடது வலது இரண்டுக்கும் ஒன்றாக. ட்ரம்மில் கீறல் வரி விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய சீவல் போதும், ஏற்கெனவே பலதரம் சீவின ட்ரம் என்றால் மாற்றுங்கள்.

ஹோஸ் மூன்று உண்டு, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. வெளியே வடிவாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், அப்போது மிதிக்கும்போது பிடிக்கும், விட்டால் விடாது, கார் ஒரு பக்கம் இழுக்கும். பழையது என்றால் யோசிக்காமல் மூன்றையும் மாற்றுங்கள்.

பெடலை மிதிக்கும்போது நாலு சில்லுக்கும் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர்தான் பொறுமையைச் சோதிக்கிறது. அது டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கார்ப்பெற்றைக் கிளப்பினால் ஒரு சின்ன மூடி. அதைச் சுற்றி எங்கள் கிரவல் ரோட்டின் செம்மண் ஒரு விரல் மொத்தத்துக்கு இருக்கும், அதைத் தூரிகையால் வடிவாக எடுத்த பிறகுதான் ஒயில் மூடியைத் திறவுங்கள். சிலிண்டரைக் கழற்றுகிறபோது போல்ட் முழுக்க வெளியே வராமல், முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிற நீட்டு இரும்புக் கம்பியான டோர்ஷன் பார் மறிக்கும். அந்தப் பாரைத் தளர்த்தாமல் வராது, திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கமாகக் கோத்துவிட்டால் அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லை. பெடலின் தள்ளுகம்பிக்குச் சிலிண்டருக்குள் ஒரு கொஞ்ச ஆட்டம் விட வேண்டும். விடாவிட்டால் ஒயில் திரும்பிப் போகிற துளை அடைபட்டு, ஓட ஓடச் சூடேறி, பிறேக் தானாகவே இறுகும்.

இனி உண்மையான அப்கிரேட். 948 சிசி வைத்திருக்கிறவர்களுக்கு என் கருத்தில் முதல் செலவு 1098 இன் 8 அங்குல முன் பிறேக்தான். உடைத்த காரிலிருந்து எடுப்பதானால் ட்ரம்மை மட்டும் வாங்காமல் பின்தட்டு (சூவும் சிலிண்டரும் பூட்டியிருக்கிற தட்டு), சிலிண்டர், சூ, ட்ரம், முடிந்தால் ஹப்போடு செற்றாக வாங்குங்கள். கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் தேடிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வெளியில் இருக்கிற உறவுகளின் சூட்கேஸ்தான் வழி. பின்தட்டில் இடது வலது வேறு, மாற்றிப் பூட்டினால் முன்னோட்டத்திலேயே பிறேக் அவ்வளவு பிடிக்காது. கூடவே ரயரையும் பாருங்கள், காய்ந்து வெடித்த ரயரில் எந்த பிறேக்கும் வழுக்கத்தான் செய்யும்.

டிஸ்க் போடவே வேண்டும் என்றால் போடுங்கள், மழை வெள்ளத்துக்குள்ளால் ஓடி வந்தபின் ட்ரம்மை விட அது கெதியாகக் காய்ந்து பிடிக்கும். ஆனால் ட்ரம்முக்கென்று மாஸ்ரர் சிலிண்டருக்குள் அமுக்கத்தைப் பிடித்துவைக்கிற வால்வு ஒன்று இருக்கிறது, அதை அப்படியே விட்டால் டிஸ்க் எந்நேரமும் உரசும். சேர்வோ உங்கள் காலின் பலத்தைத்தான் கூட்டும், ரயரின் பிடியைக் கூட்டாது. இந்த வேலையை முதல்தரம் செய்கிறவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியபின் அட்ஜஸ்ற். ட்ரம்மைச் சுற்றி, அதில் இருக்கிற துளையை அட்ஜஸ்ரருக்கு நேரே கொண்டுவந்து, ஸ்குறூ டிரைவரால் ட்ரம் இறுகும்வரை திருப்பி, பிறகு சுயமாய்ச் சுற்றும்வரை மட்டும் பின்வாங்குங்கள். முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று. பின் சூவைச் சரிபண்ணின பிறகுதான் ஹாண்ட் பிறேக் கேபிள்.

லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது எயார் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். மேசன்மார் நீர்மட்டம் பார்க்கிற தெளிந்த ரியூப்பில் மெல்லியதாக ஒரு முழம், ஒரு ஜாம் போத்தல், அதற்குள் கொஞ்சம் புது ஒயில். எங்களுக்கு வலப்பக்க ஸ்ரியரிங் என்பதால் தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. நான் கீழே, மருமகன் பெடலில்.

"மிதி."

"மிதிச்சிட்டன் மாமா."

"பிடிச்சிரு, விட்டிடாதை."

ரியூப்பை மாட்டின நிப்பிளை (சில்லின் சிலிண்டரில் இருக்கிற எயார் எடுக்கும் திருகு) திறந்தால் குமிழி குமிழியாக வரும், மூடிய பிறகுதான் "விடு" சொல்ல வேண்டும். திறந்திருக்கையில் பெடியன் காலை எடுத்தால் போன எயார் அத்தனையும் திரும்ப உள்ளே. இடைக்கிடை மாஸ்ரரில் ஒயில் வற்றுகிறதா என்று பாருங்கள். வடிந்த ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். டொட் 4 தர பிறேக் ஒயில் போடுங்கள், புதிதாக 230 பாகை தாண்டித்தான் கொதிக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சினால் 155 வரை இறங்கிவிடும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாற்றம். டொட் 5 வேறு சாமான், கலக்கக் கூடாது. பெயின்றில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

பெடல் பாதியில் கல்லுப்போல நிற்க வேண்டும், ஒரு நிமிஷம் அமத்திப் பிடித்தாலும் இறங்கக் கூடாது. முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டி, பிறகு ஆளில்லாத உள்வீதியில் 20 இல், பிறகு 40 இல் மிதித்துப் பாருங்கள். ஏ9 பெருவீதிக்குப் பிறகு போகலாம். அறுவடை நேரம் வீதியில் நெல் காயப்போட்டிருக்கிற பக்கம் போகாதீர்கள், அதில் எந்தக் காரும் சறுக்கும். திரும்பி வந்ததும் நாலு ட்ரம்முக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே அட்ஜஸ்ற் இறுக்கம், ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. எனக்குப் பின் வலது குளிர்ந்து கிடந்தது, திரும்பவும் பனங்குற்றியை உருட்டிக்கொண்டு வந்தேன்.