சவானா பக்கம் ஆர்வில (உள்ளயே தங்குற வசதி உள்ள வண்டி) தங்குறீங்களா, மாச ரேட்டையும் கேளுங்க

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல சவானா சுத்தி இருக்குற பிரைவேட் ஆர்வி பார்க்ல (இந்த வண்டிய நிறுத்தி தங்க வாடகைக்கு இடம் குடுக்குற இடம்) மூணு வாரம்தான் இருக்கப்போறோம்னாலும் தினக்கணக்குல புக் பண்றதுக்கு முன்னாடி மாச ரேட் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, பல இடத்துல முழு மாச வாடகையே கம்மியா வரும், சீக்கிரமே கிளம்பினாக்கூட நஷ்டம் இல்ல. இடம் காலியா கிடக்காது, தினம் ஆள் மாறுற தலைவலி இல்லன்னு அவங்க குறைச்சுக் குடுக்குறாங்க, அதோட மாச ரேட்ல கரண்ட் பெரும்பாலும் சேராது, மீட்டர் பார்த்து தனியா போடுவாங்க. அதனால வண்டிய நிறுத்துன அன்னைக்கே மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க (பில்லு வரும்போது பேச வசதி).

ஜூலை ஆகஸ்ட்ல இது அவ்வளவா எடுபடாது, அந்தப் புழுக்கத்துல ஏசி ராப்பகலா ஓடி மிச்சம் பிடிச்சதெல்லாம் கரண்ட்லயே போயிடும். ஸ்கிடவே ஐலண்ட் மாதிரி மாநில அரசு நடத்துற ஸ்டேட் பார்க்ல மாச ரேட் கேக்கவே வேணாம், அங்க 14 ராத்திரிதான் லிமிட். பத்து நாளுக்குள்ளன்னா வார ரேட் போதும்.