வீட்டைப் புதுப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மதுரையில் எங்கள் தெருவுக்குப் பழைய வீடு வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது மனை எத்தனை சென்ட், தண்ணீர் எப்படி என்றுதான். மாடுலர் கிச்சனுக்குக் கொட்டிய பணத்தை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. உங்கள் ஆசைக்கு என்றால் சரி, செய்யுங்கள். விற்கத்தான் என்றால் ஒழுகும் தளத்தையும் ஓதம் ஏறிய சுவரையும் முதலில் பாருங்கள். விலையை அடித்துக் கேட்க வைப்பவை அவைதான்.

மின்சாரக் கணக்கு எளிது. 75 வாட் ஃபேனைக் கழற்றி, கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், தினம் 15 மணி நேரம் ஓடும் அறையில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம். அதை உங்கள் பில்லின் கடைசி ஸ்லாப் (யூனிட் கூடக் கூட ஏறும் விலைப் படி) விலையால் பெருக்குங்கள், சராசரியால் அல்ல. குறைவது அந்த மேல் யூனிட்டுகள்தானே! சோலாருக்கும் இதே கணக்குதான். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் உண்டு. ஆனாலும் இரண்டு மாதத்தை 200 யூனிட்டுக்குள், அதாவது கீழ் ஸ்லாபிலேயே, முடிக்கும் குடும்பம் அவசரப்பட வேண்டியதில்லை.