அம்பாசிடர் முன்சீட்டுக்குப் புது மெத்தை

எங்கள் பழைய அம்பாசிடரின் முன்சீட்டில் உட்கார்ந்தாலே கம்பி குத்தும். ரெக்சின் உறையைப் பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் உறுதியாகத்தான் இருந்தது. மேலிருந்த தேங்காய்நார் மெத்தைதான் தூளாகியிருந்தது.

வெறும் ஃபோம் போதும் என்றார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃபோம் நேராக ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் கம்பி அதை மெல்ல அறுத்துவிடும். முதலில் ஸ்பிரிங்கின் துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்தேன். கெட்டியான சாக்குத் துணியை ஸ்பிரிங்கின் மேல் இழுத்துக் கட்டினேன். அதன்மேல் ரப்பர் கலந்த நார்மெத்தை, அப்புறம் 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி) ஃபோம் 2 அங்குலம். ஃபோமின் மேல் ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள், இல்லாவிட்டால் உறைக்கு வெளியே விளிம்பு புடைத்துத் தெரியும்.

பழைய ரெக்சினை வெயிலில் போட்டு இளக்கிய பிறகே இழுத்து மாட்டினேன். குளிர்ந்த ரெக்சின் தையலில் கிழியும். அப்பா இப்போது தலையணை வைக்காமலே ஓட்டுகிறார்.