கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

அம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். கைத்தடி இருந்தும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. தடியின் உயரத்தை மணிக்கட்டு அளவுக்குக் குறைத்தோம், அடி ரப்பரை மாற்றினோம், செருப்பையும் மாற்றினோம். பலனில்லை.

காய்கறிப் பை வலக்கையில் இருந்தால் மட்டும் சாய்வு குறைந்ததைக் கவனித்தேன். அப்போது தடி இடக்கைக்குப் போயிருந்தது! இனி எப்போதும் இடக்கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்து ஊன்றச் சொன்னேன். நடை நிமிர்ந்தது, பெரிய நிம்மதி.

வலக்காலில் மட்டும் நிற்கும் கணத்தில் ஈர்ப்பு மையம் மூட்டுக்கு உட்புறம் விழுகிறது. இடுப்பு கவிழாமல் இழுத்துப் பிடிக்கும் பக்கவாட்டுத் தசையோ மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேல் சுமை ஏறுகிறது. இடக்கைத் தடி தொலைவில் ஊன்றுவதால், சிறு அழுத்தமே போதிய திருப்பு விசையைத் தந்துவிடுகிறது. வலிக்கும் பக்கக் கையில் பிடித்தால் இந்த லாபம் பெரிதும் போய்விடும்.