சைக்கிள் சுகமாக ஓட வேண்டுமா? பாகம் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளில் பத்து கிலோமீட்டர் போனால் உட்காரும் இடம் வலிக்கிறது என்றதும், பெரும்பாலோர் தடிமனான ஜெல் சீட் கவர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்கும். முதல் கால் மணி நேரம் சொகுசாகவும் இருக்கும். அப்புறம் பழைய வலியே திரும்பி வரும்; சிலருக்கு மரத்தும் போகும்.

சைக்கிளில் நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். சீட் ரொம்ப மென்மையாக இருந்தால் அவை உள்ளே புதைந்துவிடும். நடுவில் இருக்கும் ஜெல் மேலே எழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் இடத்தை அழுத்தும். ஆகவே சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அகலம். கெட்டியான நாற்காலியில் நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சற்றுக் குனிந்துவிட்டு எழுந்திருங்கள். இரண்டு குழிகள் விழுந்திருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தோடு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால் உங்கள் சீட்டின் அகலம் ஏறக்குறைய கிடைத்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும்.

அதற்கும் முன்னால் சீட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றுவதற்காகத் தாழ்த்தி வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அப்படி வைத்தால் முட்டி மடங்கியே இருக்கும், எடை முழுக்க சீட்டில் இறங்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டு வந்தால் கால் நேராக நீள வேண்டும். ஒரு ஸ்பானர் போதும், செலவே இல்லை. சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியுமளவு மட்டும் தூக்காதீர்கள்.

முன்பக்க ஷாக் அப்சார்பருக்குப் பணம் கொடுப்பது அடுத்த தவறு. விலை குறைந்த போர்க்குகளில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை) வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும், அதன் துள்ளலை அடக்க ஒன்றும் இருக்காது. அதோடு, 2 கிலோவுக்கு மேல் எடை. மேட்டில் எழுந்து மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கு அதை அமுக்குவதிலேயே போகும். தார் ரோட்டில் வேலைக்குப் போய்வருபவருக்கு சாதாரண போர்க்கும் அகலமான டயரும் போதும் என்பேன்.

டயரில்தான் உண்மையான சுகம் இருக்கிறது. 28 மி.மீ. டயருக்குப் பதில் 35 அல்லது 38 போட்டால் வித்தியாசம் முதல் வேகத்தடையிலேயே தெரியும். பிரேக், மட்கார்டு, போர்க் இவற்றுக்கு நடுவே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதுவரை காற்றடித்தால் அகலமான டயர் வாங்கியதே வீண். 70 கிலோ எடையுள்ளவர் 38 மி.மீ. டயரில் பின்னால் 50, முன்னால் 40 முதல் 45 என்று தொடங்கி, தனக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம்.

அளவிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. '26 இஞ்ச்' என்று கேட்டு வாங்கினால் போதாது. 26 x 1.95 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ., 26 x 1⅜ என்றால் 590. ஒன்று மற்றதில் ஏறாது. பழைய 28 x 1½ வண்டிக்கு 635, இன்றைய 700சி அளவு டயருக்கு 622. பழைய டயரின் பக்கவாட்டில் '37-622' போல ஓர் எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும்.

கை மரத்தால் உடனே கிரிப்பை மாற்றாதீர்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கும், உள்ளங்கைதான் அதைத் தடுத்துப் பிடிக்கும். சீட்டை மட்டமாக்கியும் சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்தால் உள்ளங்கையைத் தாங்கும் பட்டையான கிரிப் உதவும். ஹேண்டில்பாரை உயரமானதாக மாற்றுவதாக இருந்தால், அதை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் நடுப்பகுதியின் தடிமன் 25.4 மி.மீட்டரா 31.8-ஆ என்று அளந்து கொள்ளுங்கள். பிரேக், கியர் ஒயர்களின் நீளமும் போதுமா என்று பாருங்கள். புது ஒயருக்கும் சேர்த்தே கடையில் விலை கேட்டுவிடுங்கள்.